மறதிக்கு வைட்டமின் மாத்திரை கொடுக்கலாமா?



சென்ற மாதம் எங்கள் தெருமுனை மருந்துக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண். முப்பது வயதுதான் இருக்கும், இடுப்பில் கைக்குழந்தை. "மாமியாருக்கு ஞாபக மறதி ஜாஸ்தியாயிட்டே போகுதுங்க. நல்ல சத்து மாத்திரையா ஏதாவது குடுங்க" என்று கேட்டாள். கடைக்காரர் ஒரு அட்டையை எடுத்தார், கத்தரிக்கோலால் பத்து மாத்திரையை வெட்டினார், "தினம் ஒண்ணு, சாப்பாட்டுக்கு அப்புறம்" என்றார். அவ்வளவுதான், வைத்தியம் முடிந்துவிட்டது!

எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பெண்ணை நிறுத்தி, கடை வாசலிலேயே கால் மணி நேரம் பேசிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். அவளிடம் சொன்னதையே இந்த இதழில் உங்களுக்கும் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. பள்ளிப் படிப்போடு நின்றுவிட்ட குடும்பப் பெண். ஆனால் இந்த விஷயத்தில் இரண்டு முறை பாடம் படித்தவள். முதல் பாடம் என் மாமியாரிடம். இரண்டாவது, என்னைப் பெற்றவளிடம்.

சாப்பிட்டதை மறந்த அத்தை

என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அப்போது அவர்களுக்கு 71 வயது. கணக்கில் புலி. பால் கணக்கு, சீட்டுப் பணம், வட்டி எல்லாம் விரல் நுனியில் இருக்கும். அப்படிப்பட்டவர்கள் சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட ஆரம்பித்தார்கள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். சாவியைத் தொலைத்துவிட்டு வேலைக்காரி மேல் பழி போட்டார்கள்.

ஒரு நாள் பக்கத்து வீட்டு அம்மாளிடம், "காலையிலேருந்து பட்டினி கெடக்கேன். என் மருமக ஒரு வாய் சோறு போடலை" என்று சொல்லிவிட்டார்கள். நான் என் கையால் நாலு இட்லி வைத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை! எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதீர்கள். இரண்டு நாள் அவர்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "உங்க அம்மா வேணும்னேதான் செய்யறாங்க" என்று என் வீட்டுக்காரரிடம் சண்டை பிடித்தேன். வயதானால் மறதி வரும் என்பது தெரியும். அது நோயாகவும் இருக்கலாம் என்று தோன்றவே இல்லை.

சர்க்கரை வியாதிக்காக மூன்று மாதத்துக்கு ஒரு தரம் அத்தையை டாக்டரிடம் அழைத்துப் போவது வழக்கம். அன்றைக்கு ஒரு காலில் செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் உள்ளே நடந்து வந்தார்கள். அதை டாக்டர் கவனித்துவிட்டார். கவட்டை மாதிரி ஒரு இரும்புக் கருவியைத் தட்டிக் கால் கட்டை விரலில் வைத்து, "அதிருதா பாட்டி?" என்று கேட்டார். அத்தைக்கு ஒன்றுமே தெரியவில்லை.

பிறகு என்னிடம் கேள்வி மேல் கேள்வி. என்ன சாப்பிடுகிறார்கள்? நாங்கள் சைவம். பால், தயிர்? "சளி பிடிக்குதுன்னு ரெண்டையும் விட்டு நாலு வருஷமாச்சு டாக்டர். காப்பிகூடக் கடுங்காப்பிதான்." சர்க்கரைக்கு என்ன மாத்திரை, எத்தனை வருஷமாக? மெட்பார்மின், பதினான்கு வருஷமாக. நெஞ்செரிச்சலுக்கு? அதற்கும் தினமும் ஒரு மாத்திரை. டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

வைட்டமின் பி-12 அளவு 110 என்று வந்தது. 200-க்குக் கீழே இருந்தாலே குறைவு என்பார்கள்.

ஊசி போட ஆரம்பித்தார்கள். செக்கச்செவேல் என்று இருக்கும் அந்த மருந்து. முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் ஒன்று, அப்புறம் மாதம் ஒன்று. முதல் மாதத்தில் பெரிய மாற்றம் தெரியவில்லை. மூன்றாவது மாதம் ஒரு காலையில் அத்தை என்னைக் கூப்பிட்டார்கள்: "ஏம்மா, செவ்வாய்க்கிழமை பால்காரன் அரை லிட்டர்தானே ஊத்தினான்? நீ ஒரு லிட்டர்னு எழுதியிருக்கியே?" நான்தான் தவறாக எழுதியிருந்தேன். திட்டு வாங்கிக்கொண்டு சந்தோஷப்பட்டது அன்று ஒரு நாள்தான்!

ஆனால் பாதத்தில் மதமதப்பு முழுவதும் போகவில்லை. "ஒரு வருஷம் முன்னாலே வந்திருந்தா அதுவும் சரியாகியிருக்கும்" என்றார் டாக்டர். அந்த ஒரு வருஷத்தைத்தான் நான் சண்டை போட்டே கழித்திருந்தேன்.

பி-12 என்ன செய்கிறது?

மின்சாரக் கம்பிக்கு மேல் ரப்பர் உறை இருக்கிறதல்லவா? நம் நரம்புகளுக்கும் அப்படி ஓர் உறை உண்டு. அந்த உறை கெடாமல் இருக்கவும், ரத்தம் ஊறவும் பி-12 வேண்டும். தேவைப்படுவது மிகக் கொஞ்சம்தான். பெரியவர்களுக்கு நாள் ஒன்றுக்கு 2 முதல் 2.5 மைக்ரோகிராம் போதும். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம்!

இந்தக் கொஞ்சமும் கீரை, காய், பருப்பு, தானியம் இவற்றில் கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி, ஈரல் இவற்றில்தான் உண்டு. பெரிய டம்ளர் பாலில், அதாவது 200 மில்லியில், சுமார் 1 மைக்ரோகிராம் இருக்கும். ஒரு முட்டையில் அதில் பாதி. ஆகையால் சைவக் குடும்பங்களில் பாலையும் தயிரையும் நிறுத்துவது என்றால் யோசித்துத்தான் நிறுத்த வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தாய்க்கு பி-12 குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும். குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

சாப்பிட்டால் மட்டும் போதாது, அது உடம்பில் ஒட்ட வேண்டும். வயிற்றில் சுரக்கும் அமிலமும் ஒரு வகைப் புரதமும் சேர்ந்துதான் பி-12-ஐக் குடலில் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. வயதானால் பலருக்கு இந்தச் சுரப்பு குறைகிறது. நெஞ்செரிச்சலுக்கு வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டாலும் குறையும். மெட்பார்மினும் நாள்பட்டால் பி-12 சேர்வதைக் குறைக்கும். இதைப் படித்துவிட்டு யாரும் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்! "பி-12 பார்க்கணுமா?" என்று டாக்டரிடம் கேட்டால் போதும்.

நம் ஈரல் இந்தச் சத்தைச் சில வருஷங்களுக்குப் போதுமான அளவு சேமித்து வைத்திருக்கும். ஆகையால் இன்று பாலை நிறுத்தினால் நாளைக்கே கெடுதல் தெரியாது. மெல்ல மெல்லத்தான் வரும். வயதாகிவிட்டது, அதனால்தான் என்று நாமும் சும்மா இருந்துவிடுவோம்.

அம்மாவுக்கும் அதே ஊசி

அத்தை தேறிய பிறகு நான் பாதி டாக்டர் ஆகிவிட்டேன்! யாருக்கு மறதி என்றாலும், "பி-12 ஊசி போடுங்க, எங்க அத்தைக்கு நான் கண்ணால பார்த்தேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து, ஊரில் தம்பியோடு இருந்த என் அம்மாவுக்கு மறதி ஆரம்பித்தது. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வது, தெரிந்த கடைத்தெருவில் வழி தெரியாமல் நிற்பது. தம்பி போன் செய்தபோது நான் ஒரு நிமிஷம்கூடத் தயங்கவில்லை. "பேப்பரும் பேனாவும் எடுத்துக்கோ. ஊசி பேர் சொல்றேன், எழுதிக்கோ" என்றேன். பக்கத்துத் தெரு நர்ஸம்மா வந்து போட்டார்கள். கூடவே மறதிக்கு என்று யாரோ சொன்ன இன்னொரு சத்து மாத்திரையும்.

எட்டு மாதம் ஆகியும் குணம் தெரியவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? தம்பி மனைவி மேல் சந்தேகப்பட்டேன். "நீ ஒழுங்கா வேளாவேளைக்கு மாத்திரை குடுக்கறியா? எங்க அத்தைக்கு மூணே மாசத்துல சரியாச்சே!" என்று போனிலேயே கேட்டேன். அவள் பதில் பேசவில்லை. இன்றைக்கும் அந்த மௌனம் என் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

கடைசியில் திருச்சிக்கு அழைத்து வந்து நரம்பியல் டாக்டரிடம் காட்டினோம். அம்மாவோடு அரை மணி நேரம் பேசினார். கடிகாரம் ஒன்று வரையச் சொன்னார். மூன்று சொற்களைச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து என்னென்ன என்று கேட்டார். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் ஆயிற்று. பி-12 அளவு ஏகத்துக்கு உயர்ந்திருந்தது. "ஊசி போட்டப்புறம் பார்த்தா இப்படித்தாம்மா இருக்கும். முதல்லே குறைவா இருந்துதா இல்லையான்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது" என்றார். பிறகு மெதுவாக, "இது அல்சைமர் நோய் மாதிரி தெரியுது. வைட்டமினால திரும்பற மறதி இல்லை" என்றார்.

அந்த எட்டு மாதத்தில் போனது ஊசிச் செலவு மட்டும் என்றால் வருத்தப்பட மாட்டேன். ஆரம்பத்தில் அம்மா, "எங்க ஊர் கோயில் திருவிழாவுக்கு ஒரு தடவை கூட்டிட்டுப் போ பாப்பா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "ஊசி முடியட்டும்மா, நல்லானப்புறம் போகலாம்" என்று நான்தான் தள்ளிப் போட்டேன். அடுத்த திருவிழாவுக்கு அழைத்துப் போனபோது, பிறந்து வளர்ந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "இது யார் வீடு? நாம எதுக்கு இங்க வந்தோம்?" என்று கேட்டாள்.

ஒருவருக்குக் குணமானது மற்றவருக்கு ஏன் ஆகவில்லை?

வைட்டமினால் புத்தி தெளியும் என்ற நம்பிக்கை ஒன்றும் ஆதாரமில்லாதது இல்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் மக்காச்சோளத்தையே பெரும்பாலும் தின்று வாழ்ந்த ஏழைகளுக்குப் பெல்லாக்ரா என்ற நோய் வந்தது. தோல் கருகும், வயிற்றுப்போக்கு வரும், கடைசியில் புத்தி பேதலிக்கும். எத்தனையோ பேரை மனநோய் விடுதிகளில் அடைத்தார்கள். 1914-ல் ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற அரசாங்க டாக்டர் இந்த ஆராய்ச்சியில் இறங்கி, இது தொற்றுநோய் இல்லை, சாப்பாட்டுக் குறைவுதான் என்று காட்டினார். 1937-ல் எல்வேஜெம் என்ற விஞ்ஞானி அந்தக் குறையைத் தீர்ப்பது நிகோடினிக் அமிலம் என்று கண்டுபிடித்தார். அதுவும் 'பி' வைட்டமின்களில் ஒன்றுதான். அதைக் கொடுத்ததும் பலருக்குச் சில நாட்களிலேயே புத்தி தெளிந்தது. நம் நாட்டிலும் தக்காணத்தில் சோளமே உணவாக இருந்தவர்களுக்கு இந்த நோய் வந்ததை டாக்டர் சி. கோபாலன் ஐதராபாத்தில் இருந்து ஆராய்ந்திருக்கிறார்.

அங்கே குறை இருந்தது, குறையை நிரப்பியதும் நோய் போயிற்று. என் அத்தைக்கும் அதே கதைதான். எண்ணெய் இல்லாமல் மங்கும் விளக்குக்கு எண்ணெய் ஊற்றினால் எரியும். திரியே கருகிப்போன விளக்குக்கு எவ்வளவு ஊற்றி என்ன? அல்சைமர் நோயில் மூளையின் உயிரணுக்களே கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன.

இதை டாக்டர்கள் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் அல்சைமர் நோயாளிகள் 409 பேரில் ஒரு பகுதியினருக்குப் போலிக் அமிலம், பி-6, பி-12 மூன்றையும் அதிக அளவில் 18 மாதம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை. 2008-ல் முடிவு வந்தது: ஞாபக சக்தி குறைந்துகொண்டு போனதில் இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை.

ஆக்ஸ்போர்டில் 70 வயதைக் கடந்த, மறதியின் ஆரம்பக் கட்டத்தில் மட்டும் இருந்தவர்களுக்கு இதே மூன்றையும் இரண்டு வருஷம் கொடுத்தார்கள். மூளை சுருங்கும் வேகம் சுமார் 30 சதவீதம் குறைந்தது என்று 2010-ல் வெளியிட்டார்கள். ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் அதிகமாக இருந்தவர்களுக்குத்தான் அதிகப் பலன். இந்தச் சத்துக்கள் குறைந்தால் அது ஏறும். ஆக, இங்கும் குறை உள்ள இடத்தில்தான் பலன். தவிர, முற்றிய மறதி நோய்க்கு இது வைத்தியம் ஆகாது.

வைட்டமின் 'ஈ' பற்றியும் கேட்கிறீர்கள். லேசான மறதி உள்ள 769 பேரை வைத்து நடத்திய ஆராய்ச்சியில், மூன்று வருஷம் கொடுத்தும் அது அல்சைமர் வருவதைத் தடுக்கவில்லை என்று 2005-ல் சொன்னார்கள். 2014-ல் வந்த இன்னோர் ஆராய்ச்சியில், அல்சைமர் வந்த 613 பேரில் 'ஈ' சாப்பிட்டவர்களுக்குக் குளிப்பது, உடுத்துவது போன்ற காரியங்களில் தளர்ச்சி கொஞ்சம் தாமதமாயிற்று, ஞாபகம் திரும்பவில்லை. அவர்களுக்குக் கொடுத்தது நாளைக்கு 2000 யூனிட். அவ்வளவு பெரிய அளவை டாக்டர் சொல்லாமல் வீட்டில் கொடுக்கவே கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தக் கசிவு ஏற்படக்கூடும்.

"சத்துதானே, என்ன கெடுதல்?" என்று நினைக்காதீர்கள். பி-6 மாதக்கணக்கில் அளவு மீறினால் நரம்பையே கெடுக்கும். பி-12 குறைவாக இருப்பவருக்குப் போலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தசோகை சரியான மாதிரி தெரியும். உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே இருக்கும்.

நாம் செய்ய வேண்டியது

வீட்டில் பெரியவர்களுக்கு மறதி வந்தால்:

1. முதலில் பரிசோதனை, பிறகுதான் ஊசி, மாத்திரை. நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள்.

2. பி-12 மட்டும் பார்த்தால் போதாது. தைராய்டு குறைவு, ரத்தத்தில் உப்புக் குறைவு, சர்க்கரை ஏற்ற இறக்கம், மனச்சோர்வு, கீழே விழுந்து தலையில் பட்ட அடி, தூக்க மாத்திரை இவையும் மறதியை உண்டாக்கும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும்.

3. நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று உளறினால் அது அவசரம். சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம், பக்கவாதமாகவும் இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

4. கால் மதமதப்பு, எரிச்சல், தள்ளாட்டம், நாக்கு வழவழவென்று சிவந்து எரிவது, வெளுத்த முகம் இவை மறதியோடு சேர்ந்திருந்தால் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

5. சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போங்கள். நாட்டு மருந்து, சத்து மாவு டப்பா உட்பட. பேர் சொல்லத் தெரியவில்லையே என்று தவிக்க வேண்டியதில்லை.

6. குறைவு என்று தெரிந்து ஊசி ஆரம்பித்தால் நடுவில் விடாதீர்கள். உடம்பில் ஒட்டாதவர்களுக்கு ஆயுள் முழுவதும்கூடத் தேவைப்படலாம். எங்கள் வீட்டில் தினசரிக் காலண்டரில் மாதம் ஒரு தேதியைச் சிவப்பு மையால் சுழித்து வைத்திருக்கிறேன்.

7. வைட்டமினால் திரும்பாத மறதி என்று டாக்டர் சொல்லிவிட்டால், "எதுக்கும் இருக்கட்டும்" என்று மாத்திரை மேல் மாத்திரை வாங்காதீர்கள். நோயைக் குணமாக்காவிட்டாலும் சிலருக்குக் கொஞ்ச காலம் ஓரளவு உதவும் மருந்துகளை டாக்டரே எழுதித் தருவார். சத்து டானிக்குக்குப் போகும் பணத்தைக் குளியலறையில் கைப்பிடி வைக்க, பகலில் துணைக்கு ஓர் ஆள் வைக்கச் செலவழியுங்கள். பெரியவர்கள் ஆசைப்பட்டதை நாள் கடத்தாமல் செய்துகொடுங்கள்.

இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100-க்கு 7 பேருக்கு மேல் மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஒரு கணக்கு சொல்கிறது. மொத்தம் சுமார் 88 லட்சம் பேர். அவர்களுக்குச் சோறு ஊட்டுவதும் துணி மாற்றுவதும் பெரும்பாலும் நம்மைப் போன்ற பெண்கள்தான். என் தம்பி மனைவியைப் போன்றவர்கள். அவளிடம் பிற்பாடு நேரிலேயே போய் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க அண்ணி, அத்தைக்குச் சரியாகணும்னுதானே கேட்டீங்க" என்றாள். நோயாளிக்கு மருந்து தேடுகிற அவசரத்தில், பார்த்துக்கொள்கிறவளைப் புண்படுத்திவிடாதீர்கள் சகோதரிகளே.

அத்தைக்கு இப்போது 77 வயது. பால் கணக்கு அவர்களிடம்தான் இருக்கிறது. அம்மாவுக்கு என் பேர் தெரிவதில்லை. ஆனால் மடியில் மல்லிகை மொட்டையும் நாரையும் போட்டால் நெருக்கமாகத் தொடுத்துவிடுகிறாள். போகும்போதெல்லாம் ஒரு ஆழாக்கு மொட்டு வாங்கிப் போகிறேன்.

மருந்துக் கடையில் பார்த்த அந்தப் பெண் மாமியாரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனாளா என்று தெரியவில்லை. நீங்கள் அழைத்துப் போவீர்கள் என்று நம்புகிறேன். அடுத்த இதழில் சந்திப்போம்.